பூனைக்குட்டியும் நுண்சில்லும்: அச்சம் எது? உண்மை எது?

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் 'குட்டி' என்னும் பெயர் வெருகுக்கு உரியதென்று அங்கே சொல்லப்படுகின்றது. 'பறழ்' என்று வழங்குவதும் விலக்கப்படவில்லை. வளர்ந்த விலங்குக்கு ஒரு பெயரும் அதன் இளமைக்கு வேறொரு பெயரும் வைத்த மரபு, இளமையைத் தனியொரு நிலையாகக் கண்ட மரபாகும். வளர்ந்ததற்குப் பொருந்துவதெல்லாம் இளையதற்கும் பொருந்திவிடும் என்று கொள்வதற்கில்லை.

இன்று பூனை வளர்க்கும் இல்லங்களில் எழும் வினாவொன்றும் இத்தகையதே. வளர்ந்த பூனையின் தோலுக்கடியில் அடையாளத்துக்காக நுண்சில்லு, அதாவது மைக்ரோசிப், வைப்பது பற்றிப் பலரும் கலங்குவதில்லை. இரு கைகளுக்குள் அடங்கும் குட்டிக்கு அதனை வைக்கலாமா என்று கேட்கும்பொழுதே கலக்கம் தோன்றுகின்றது. ஊசி பெரியது, உடம்போ சிறியது. உள்ளே சென்ற பொருள் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கப் போகின்றது. அது புண்ணாகுமோ, புற்றாகுமோ, எங்கேனும் நகர்ந்து போகுமோ என்னும் அச்சங்கள் இயல்பானவை. அவற்றுள் எது உண்மை, எது மிகை என்று பிரித்தறிவது பயனுள்ளதாகும்.

சட்டத்தின் வருகை

சிங்கப்பூரில் இவ்வினா இப்பொழுது ஒவ்வொரு பூனை வளர்ப்போர் வீட்டுக்கும் வந்துவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பது 1989ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த பூனை நிருவாகத் திட்டம் அத்தடையை நீக்கியது. அவ்வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஏனைய வீடுகளில் மூன்று வரை வளர்க்கலாம். ஆனால், பூனைக்கு உரிமம் பெறுதல் வேண்டும். உரிமம் பெறுதற்கு நுண்சில்லு வைத்தல் வேண்டும். மக்கள் இதற்குத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ள 2026 ஆகஸ்டு 31 வரை ஈராண்டு இடைக்காலம் வகுக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் இதனையொத்த சட்டம் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அங்கே பூனைக்கு 20 வார வயது நிறைவதற்குள் சில்லு வைத்துவிட வேண்டும். தவறியவருக்கு 21 நாள் தவணை தரப்படும். அதன் பின்னும் தவறினால் 500 பவுன் வரை தண்டம் விதிக்கப்படலாம். ஆக, சில்லு வைப்பதா, வேண்டாவா என்பது இவ்விரு நாடுகளிலும் தனிப்பட்டவரின் விருப்பமாக இல்லை. எப்பொழுது, எவ்வாறு, எவர் கையால் வைப்பது என்பதே உரிமையாளரின் பொறுப்பில் எஞ்சி நிற்கின்றது. பாதுகாப்பைப் பற்றிய வினாவும் அங்கேதான் உயிர் பெறுகின்றது.

சில்லு என்பது யாது?

நுண்சில்லு ஓர் அரிசி மணியின் பருமனுடையது. வழக்கமான சில்லு 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. 8 மில்லிமீட்டர் நீளமும் 1.4 மில்லிமீட்டர் விட்டமும் உடைய சிறிய வகையும் உண்டு. உடம்பு வெறுத்து ஒதுக்காத ஒருவகைக் கண்ணாடிக் குப்பிக்குள், மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் எண் பதிந்த ஒரு சிறு மின்சுற்றும் அடைக்கப்பட்டிருக்கும். அவ்வளவே. அதனுள் மின்கலம் இல்லை.

மின்கலம் இல்லாத பொருள் எவ்வாறு வேலை செய்யும்? ஸ்கேனர் என்னும் படிப்புக் கருவியை அருகே கொண்டுசெல்லும்பொழுது, அக்கருவி எழுப்பும் காந்தப் புலம் சில்லுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் சிறிதளவு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும். அந்த மின்னோட்டத்தின் வலிமையால் சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். கருவி விலகியதும் அது மீண்டும் வெறுங் கண்ணாடித் துண்டாகிவிடும். அனைத்துலகத் தர அமைப்பு வகுத்த ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்னும் தரநெறிகளின்படி அந்த எண் 15 இலக்கம் உடையது. படிக்கும் அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும்.

இவ்வமைப்பை அறிந்தவுடன் இரண்டு ஐயங்கள் தாமே நீங்கிவிடுகின்றன. சில்லு இரவும் பகலும் குட்டியின் உடம்புக்குள் கதிர்களை வீசிக்கொண்டிருக்கும் என்பது ஒன்று. ஆற்றலே இல்லாத பொருள் எதனை வீசும்? காணாமற்போன பூனை எங்கே நிற்கின்றது என்பதைச் சில்லு காட்டிக் கொடுக்கும் என்பது மற்றொன்று. அதுவும் தவறாகும். கருவி சில அங்குலத் தொலைவுக்குள் வந்தாலன்றி அது வாய் திறவாது. அதனிடம் உள்ளது எண் மட்டுமே. உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சில்லில் இல்லை, பதிவேட்டில்தான் உள்ளன.

ஊசியும் குட்டியின் உடம்பும்

சில்லு, முன்னரே கிருமி நீக்கப்பட்ட ஊசிக்குள் அமைந்து வரும். வழக்கமான சில்லுக்குரிய ஊசியின் வெளிவிட்டம் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்தது. தடுப்பூசிக்குப் பயன்படும் ஊசியோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாகும். ஆதலின் ஊசியைக் கண்டு வளர்ப்போர் திடுக்கிடுவதில் வியப்பில்லை.

எனினும், ஊசி செல்லும் இடத்தைக் கருத வேண்டும். இரு தோள் எலும்புகளுக்கும் நடுவே, முதுகின் மேற்புறத்தில், தோலுக்கும் தசைக்கும் இடைப்பட்ட தளர்ந்த பகுதியிலே சில்லு வைக்கப்படுகின்றது. பூனையின் பிடரித் தோலும் அதனை ஒட்டிய பகுதியும் இயற்கையாகவே தளர்ந்தவை. தாய்ப்பூனை குட்டியை வாயால் கவ்வித் தூக்குவதும் இப்பிடரியைப் பற்றியே. தோலை விரல்களால் கூடாரம் போல் உயர்த்திப் பிடித்து, அக்கூடாரத்தின் அடியில் ஊசியைச் செலுத்தினால் அது தசையைத் தொடுவதில்லை. நொடிப்பொழுதில் வேலை முடிந்துவிடும். பெரும்பாலான குட்டிகள் சிணுங்கிவிட்டு அடங்கும். மயக்க மருந்து தேவையில்லை. வலி மிகும் என்று அஞ்சுவோர், கருத்தடை அறுவைக்காகக் குட்டி மயக்கத்தில் இருக்கும்பொழுது சில்லையும் வைத்துவிடுமாறு மருத்துவரைக் கேட்கலாம்.

வயது பற்றிய வினா இங்கே எழுகின்றது. பிறந்த குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். நன்கு வளரும் குட்டி எட்டு வாரத்தில் 900 கிராம் அளவை எட்டும். முதல் தடுப்பூசிக்காகக் குட்டி மருத்துவரிடம் செல்வதும் பெரும்பாலும் அப்பருவத்திலேதான். எனவே எட்டு வாரம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் தொடக்க எல்லையாகும். வயதைக் காட்டிலும் எடையும் உடல்நலமும் முக்கியம். மெலிந்து, நோயுற்று, காய்ச்சலோடு இருக்கும் குட்டிக்குச் சில வாரம் பொறுப்பதால் இழப்பொன்றும் இல்லை. மிகச் சிறிய குட்டியாயின் சிறிய வகைச் சில்லையும் மெல்லிய ஊசியையும் கேட்டுப் பெறலாம்.

நேரக்கூடிய தீங்குகள்

தீங்கே இல்லை என்று சொல்வது அறிவியல் ஆகாது. நிகழக்கூடியவற்றை வகைப்படுத்திக் காண்பதே முறை.

முதலாவது, ஊசி புகுந்த இடத்தில் சிறிது இரத்தக் கசிவும் வீக்கமும் தோன்றுதல். இவை ஓரிரு நாளில் அடங்கும். அரிதாகச் சீழ்க் கட்டி உண்டாகலாம். சில நாட்களுக்கு அவ்விடத்தைத் தேய்க்காமலும் குளிப்பாட்டாமலும் விடுவது நன்று. அடுத்த சில வாரங்களில் உடம்பு சில்லைச் சுற்றி மெல்லிய நார்த் திசுவால் உறை பின்னி அதனை நிலைநிறுத்திக்கொள்ளும்.

இரண்டாவது, இடம் பெயர்தல். உறை இறுகுவதற்கு முன் சில்லு நழுவித் தோளுக்கோ முழங்கைப் பக்கத்துக்கோ செல்வதுண்டு. இதனால் விலங்கின் உயிருக்கு ஊறு நேர்வதில்லை. ஆனால் முதுகை மட்டும் ஸ்கேனரால் தடவிப் பார்ப்பவர் சில்லே இல்லையென்று எண்ணிவிடக் கூடும். அன்றியும், ஊசியின் துளை வழியே சில்லு வெளியே விழுந்துவிடுவதும் சில வேளைகளில் சில்லு பழுதாகி எண்ணைச் சொல்லாமற் போவதும் உண்டு.

மூன்றாவது, கைப்பிழை. இது அரிது, ஆனால் கொடியது. பூனையொன்றின் முதுகெலும்புக் குழலுக்குள் சில்லு தவறாகப் புகுந்து தண்டுவடத்துக்குக் காயம் விளைத்த நிகழ்ச்சி 2007ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் வெளியிடப்பட்டது. சிறு நாய்களிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. இவற்றில் குற்றம் சில்லுடையது அன்று. உடம்பு சிறியதாகவும், ஊசி நீளமானதாகவும், பிடித்திருப்பவரின் பிடி தளர்ந்ததாகவும் இருந்து, தோலை உயர்த்தாமல் நேரே குத்தினால் என்ன நேரும் என்பதற்கு இவை சான்றாகும். குட்டியின் பாதுகாப்பு சில்லைவிடக் கையைப் பொறுத்தது என்னும் உண்மை இதனால் விளங்கும்.

புற்றுநோய் பற்றிய அச்சம்

நான்காவதாகிய புற்றுநோய் அச்சமே பலரை உறங்கவிடாமற் செய்வது. 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் இது செய்தித்தாள்களில் பெரிதாக எழுந்தது. ஆய்வுக்கூடங்களில் அடையாளத்துக்காகச் சில்லு வைக்கப்பட்ட சுண்டெலிகளிலும் எலிகளிலும் சில்லைச் சுற்றிப் புற்றுக் கட்டிகள் தோன்றியிருந்தன. ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, ஏறத்தாழ நூற்றுக்கு 1 முதல் 10 வரை அத்தகைய கட்டிகள் காணப்பட்டன. செய்தி பொய்யன்று. அதனைப் பூனைக்கு அப்படியே பொருத்துவதில்தான் எச்சரிக்கை வேண்டும்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, அவ்வெலிகளுட் பல புற்றுநோய் எளிதில் தோன்றும் இனங்களாக ஆய்வுக்கென்றே வளர்க்கப்பட்டவை. உடம்புக்குள் அயற்பொருள் எதுவாயினும், அது வேதியியலாற் செயலற்றதாயினும், அதனைச் சுற்றிக் கட்டி எழுவது எலியினத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட இயல்பாகும். மற்றொன்று, அளவு. 30 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கும் 900 கிராம் எடையுள்ள குட்டிக்கும் முப்பது மடங்கு வேறுபாடு. ஒரே அளவுள்ள சில்லு முன்னதற்குப் பெரும் பாரம்; பின்னதற்கு அவ்வாறன்று.

இவ்வளவில் பேச்சை முடித்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். ஆனால் பூனை நாயன்று. ஊசி போட்ட இடத்தில் கட்டி தோன்றும் தனி இயல்பு பூனைக்கு உண்டு. 1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மருத்துவர்கள் இதனை முதலில் எடுத்துரைத்தனர். வெறிநோய்த் தடுப்பூசியும் இரத்தப்புற்று வைரசுக்கு எதிரான தடுப்பூசியும் போடப்பட்ட இடங்களில் இக்கட்டிகள் காணப்பட்டன. பத்தாயிரம் பூனைகளுக்கு 1 முதல் 10 வரை என்று மதிப்பீடுகள் வேறுபடும். சில்லுக்கு அருகே இத்தகைய கட்டி தோன்றிய பூனைகளும் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டுள்ளன. அவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. தோள்களுக்கிடையே சில்லும் இருந்து, அதே இடத்தில் ஆண்டுதோறும் தடுப்பூசியும் போடப்பட்டிருந்தால், கட்டிக்குக் காரணம் எது என்று அறுதியிட்டுக் கூறுதல் இயலாது.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பாடம் தெளிவானது. சில்லு வைத்த இடத்தில் தடுப்பூசி போடலாகாது. பூனைக்குத் தடுப்பூசியைக் கால்களின் கீழ்ப்பகுதியில் போடுமாறு வல்லுநர்கள் பரிந்துரைப்பதும் இது பற்றியே. கட்டியைக் கண்டால் எப்பொழுது கவலைப்படுவது என்பதற்கு எளிய விதியொன்று மருத்துவ உலகில் வழங்குகின்றது. ஊசி போட்ட இடத்துக் கட்டி மூன்று மாதம் கடந்தும் மறையாதிருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டாலோ, ஒரு மாதத்துக்குப் பின்னும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ, அதிலிருந்து திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது இது.

எண்கள் உரைப்பவை

பிரித்தானியச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம் 1996ஆம் ஆண்டு முதல் சில்லால் நேர்ந்த தீங்குகளைப் பதிவு செய்து வந்தது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகளுக்குச் சில்லு வைக்கப்பட்டிருந்த நிலையில், அச்சங்கத்துக்கு வந்த முறையீடுகள் 391 மட்டுமே. ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒன்று. அவற்றுள்ளும் மிகுதியானவை இடம் பெயர்தல் பற்றியவை. புற்றோடு தொடர்புறுத்தப்பட்டவை மிகச் சிலவே.

இக்கணக்கைப் படிக்கும்பொழுதும் நிதானம் தேவை. தாமாக முன்வந்து தெரிவித்தவை மட்டுமே இதில் சேர்ந்துள்ளன. தெரிவிக்கப்படாதவை எத்தனையோ இருக்கலாம். எனவே பத்தாயிரத்துக்கு ஒன்று என்பதை உறுதியான அளவாகக் கொள்ளாமல், தீங்கு அரிது என்பதற்குரிய சான்றாகவே கொள்ளல் வேண்டும்.

தராசின் மறுதட்டில் இருப்பது யாது? 2009ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்று அமெரிக்காவின் 53 விலங்குக் காப்பகங்களை ஆராய்ந்தது. காப்பகத்துக்கு வந்த திரியும் பூனைகளுள் உரிமையாளரிடம் திரும்பியவை நூற்றுக்கு 1.8 மட்டுமே. சில்லு உள்ள பூனைகளுள் திரும்பியவை நூற்றுக்கு 38.5. சில்லு வைப்போர் இயல்பாகவே பொறுப்பு மிக்கவராயிருத்தலும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். எனினும் இருபது மடங்கு வேறுபாட்டை அதுவொன்றே விளக்கிவிடாது. நாய் குரைத்து அழைக்கும். கழுத்துப் பட்டையும் பெரும்பாலும் தங்கும். பூனையோ பட்டையைக் கழற்றிவிட்டு ஒளிந்துகொள்ளும். வாயில்லாத உயிருக்கு வாயாகி நிற்பது அந்த எண்ணே.

எண் இருந்தும் பயனில்லாத நிலை

அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்திற்று. சில்லு இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலாமற் போனவற்றை ஆராய்ந்தபொழுது, நூற்றுக்கு 35க்கு மேற்பட்டவற்றில் தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டதாகவோ இருந்தது. நூற்றுக்குப் பத்தளவில் சில்லு பதிவே செய்யப்படவில்லை. குட்டி ஊசியின் வலியைப் பொறுத்தது. உரிமையாளர் ஒரு படிவத்தை நிரப்பவில்லை. இவ்விடத்தில் தீங்கு விளைத்தது சில்லன்று, மறதியாகும்.

வளர்ப்போர் செய்யத்தக்கவை

குட்டிக்குச் சில்லு வைக்கச் செல்வோர் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. பயிற்சி பெற்ற விலங்கு மருத்துவரே வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் குட்டியின் உடம்பு முழுவதையும் ஸ்கேனரால் தடவி, முன்னரே சில்லொன்று உள்ளதா என்று பார்க்க வேண்டும்; தத்தெடுத்த குட்டிக்கு இது மிகவும் இன்றியமையாதது. ஊசிக்குள் இருக்கும் சில்லையும் படித்துப் பார்த்து, அது காட்டும் எண் உறையில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கின்றதா என்று சரிபார்க்க வேண்டும். வைத்த பின் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். குட்டியை ஒருவர் உறுதியாகவும் மென்மையாகவும் பிடித்திருக்க, மற்றொருவர் ஊசியைச் செலுத்த வேண்டும்.

வீடு திரும்பிய பின், எண்ணைப் பதிவேட்டில் தம் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தைச் சேர்ந்த விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் பெறும்பொழுது இவ்வெண் கேட்கப்படும். வீடு மாறினாலும் தொலைபேசி எண் மாறினாலும் பதிவையும் மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் மருத்துவரிடம் செல்லும்பொழுது சில்லு இன்னும் அவ்விடத்திலேயே உள்ளதா, எண்ணைச் சொல்கின்றதா என்று படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தோளிடையைத் தடவிப் பார்த்து, புதிய கட்டி தென்பட்டால் காலந்தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

சுருங்கக் கூறின், நலமுள்ள எட்டு வாரக் குட்டிக்குத் தேர்ந்த கையால் சில்லு வைப்பது பாதுகாப்பானது. தீங்குகள் உண்டு, ஆனால் அவை அரியவை. அவற்றுட் பலவற்றை எச்சரிக்கையால் தவிர்க்கலாம். காணாமற்போன குட்டி வீடு திரும்பாமற் போவதோ அரிய நிகழ்ச்சியன்று, அன்றாடம் நேர்வது. ஊசியைக் கண்டு ஒரு நொடி கலங்கும் உள்ளம், அதே அக்கறையோடு பதிவேட்டையும் நினைவில் வைத்திருக்குமாயின், அரிசி மணியளவுள்ள அந்தக் கண்ணாடித் துண்டு தன் கடமையைச் செய்துவிடும்.